"எத்தன மில்லி குடுக்கிற?" – மருந்தின் அளவைச் சரியாகக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

திருகோணமலை நகரில் ஒரு பாமசியில் இருபது வருடத்துக்கு மேலாக மருந்து கொடுத்து வருகிறேன். மாரி தொடங்கிக் காய்ச்சல் பரவும் மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இந்தக் கேள்வி வரும். "அண்ண, பிள்ளைக்குக் காய்ச்சல். பனடோல் பாணி வீட்டில கிடக்கு. எத்தன மில்லி குடுக்கிற?"

நான் இரண்டு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். பிள்ளை எத்தனை கிலோ? போத்தலில் என்ன எழுதியிருக்கிறது? பெரும்பாலான தாய்மாருக்கு முதலாவதற்கு ஓரளவு பதில் தெரியும், இரண்டாவதற்குத் தெரியாது. இந்த இரண்டும் தெரியாமல் மில்லியைச் சொல்ல எந்த டொக்டராலும் முடியாது. சொன்னால் அது ஊகம்.

இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த பெருக்கலும் பிரித்தலும்தான். ஆனாலும் பிழை நடக்கிறது, ஏனென்றால் இரவு இரண்டு மணிக்கு, பிள்ளை அனலாய்க் கொதிக்கும்போது, அரை வெளிச்சத்தில் அதைச் செய்கிறோம். மூதூரிலோ வெருகலிலோ குச்சவெளியிலோ இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் பெரியாஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. அதனால் இதைப் பகலில், ஆறுதலாக ஒரு தடவை வாசித்து, உங்கள் வீட்டில் இருக்கும் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கைச் செய்து பாருங்கள்.

ஒரு விஷயம் முதலிலேயே. எந்த மருந்து, கிலோவுக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது டொக்டர். நான் சொல்லித்தருவது, அவர் தீர்மானித்த அளவு பிள்ளையின் வாய்க்குள் சரியாகப் போய்ச் சேர்வதற்கான வழி. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் கணக்குப் பார்க்கவே வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

"மில்லி" என்ற சொல்லை விட்டுவிடுங்கள்

நம் வாயில் "மில்லி" என்பது இரண்டு வேறு பொருள்களுக்கு ஓடுகிறது. "250 மில்லி குளிசை" என்கிறோம், அங்கே அது மில்லிகிராம். "5 மில்லி பாணி" என்கிறோம், அங்கே அது மில்லிலீற்றர். மில்லிகிராம் என்பது மருந்தின் எடை. மில்லிலீற்றர் என்பது அந்த மருந்து கரைந்திருக்கும் பாணியின் கனவளவு. தேநீரில் சீனி போடுவதைப் போல எண்ணுங்கள். கோப்பை ஒரே அளவுதான், ஆனால் ஒரு கரண்டி சீனி போட்ட தேநீரும் நாலு கரண்டி போட்ட தேநீரும் ஒன்றா? உடம்பில் வேலை செய்வது சீனி, அதாவது மில்லிகிராம். கோப்பை அதைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான்.

ஆகவே எப்போதும் முழுச் சொல்லாகச் சொல்லுங்கள். மில்லிகிராமை மி.கி. என்றும் மில்லிலீற்றரை மி.லீ. என்றும் எழுதுகிறேன். போத்தலில் ஆங்கிலத்தில் எம்.ஜி. என்று இருப்பது மில்லிகிராம், எம்.எல். என்று இருப்பது மில்லிலீற்றர். அந்த நாலு எழுத்தையும் அடையாளம் காணத் தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் இலக்கங்கள்.

முதல் படி: இன்றைய நிறை

பிள்ளையின் மருந்தளவு நிறையைக் கொண்டுதான் கணக்கிடப்படும். வயதைக் கொண்டு அளவு சொல்லும் அட்டவணைகள் பெட்டிகளில் இருக்கின்றன. அவை சராசரிப் பிள்ளைக்கு எழுதியவை. எங்கள் கடைக்கு வரும் மூன்று வயதுப் பிள்ளைகளில் 10 கிலோவும் உண்டு, 16 கிலோவும் உண்டு. பனடோலில் இருக்கும் மருந்தான பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மி.கி. என்று எடுத்தால் முதல் பிள்ளைக்கு 150 மி.கி., இரண்டாவதற்கு 240 மி.கி. வயது ஒன்றுதான், மருந்து ஒன்றரை மடங்குக்கும் மேலே வேறுபடுகிறது.

கிளினிக்கில் மிட்வைஃப் மிஸி நிறுத்து எழுதும் அட்டையைப் பாருங்கள். கடைசி நிறை மூன்று நாலு மாதம் பழையது என்றால் மறுபடி நிறுங்கள். வீட்டுத் தராசில் பிள்ளை அசையாமல் நிற்காது. நீங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். கைக்குழந்தைக்கு மட்டும் இது பொருந்தாது. அரைக் கிலோ வித்தியாசமே அதற்குப் பெரிது, அதைக் கிளினிக் தராசில்தான் நிறுக்க வேண்டும்.

கிலோவா, பவுண்டா என்பதையும் கேளுங்கள். ஒருமுறை ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பேரப்பிள்ளைக்கு மருந்து கேட்டு உப்புவெளியிலிருந்து ஓர் அம்மம்மா வந்தார். நிறையைக் கேட்டேன், மகள் ஃபோனில் சொன்னபடி "இருபத்தாறு" என்றார். நான் 26 கிலோ என்று எழுதிக் கணக்கை ஆரம்பித்துவிட்டேன். 26ஐ 15ஆல் பெருக்க 390 மி.கி. அப்புறம்தான் "எத்தனை வயசு?" என்று கேட்கத் தோன்றியது. இரண்டு வயது. இரண்டு வயதில் 26 கிலோப் பிள்ளை ஏது? அது 26 பவுண்டு. 2.2ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 12 கிலோ, சரியான அளவு 180 மி.கி. இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும். அன்றிலிருந்து நிறையைக் கேட்டால் வயதையும் கேட்காமல் நான் கணக்குப் போடுவதில்லை.

இரண்டாம் படி: போத்தலின் செறிவு

போத்தலைத் திருப்பினால் "5 மி.லீ.யில் 120 மி.கி." என்பது போல ஒரு வரி இருக்கும். அதுதான் செறிவு. மருந்தின் பெயரை விட்டால் போத்தலிலேயே மிக முக்கியமான வரி அதுதான், ஆனால் பெயர் பெரிதாகவும் அது சின்னதாகவும் அச்சிடப்பட்டிருக்கும்.

பரசிட்டமோல் ஒரே மருந்து. பாணியாக 5 மி.லீ.யில் 120 மி.கி. உள்ளது, 5 மி.லீ.யில் 250 மி.கி. உள்ளது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தாக 1 மி.லீ.யிலேயே 100 மி.கி. உள்ளதும் இருக்கிறது. சின்னப் போத்தல், சின்னப் பிள்ளைக்கானது, ஆகவே லேசான மருந்து என்று நினைப்போம். உள்ளே இருப்பது நேர்மாறு. கைக்குழந்தை அதிகம் குடிக்காது என்பதால், கொஞ்சத்திலேயே நிறைய மருந்து இருக்கும்படி அதைத் தயாரிக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் போத்தல்களில் இன்னும் கவனம். கனடாவில் கைக்குழந்தைச் சொட்டு மருந்து 1 மி.லீ.யில் 80 மி.கி., பிள்ளைகளின் பாணி 5 மி.லீ.யில் 160 மி.கி. அமெரிக்காவில் இந்த இரண்டையும் மாற்றிக் கொடுத்துப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டதால், 2011இல் அங்குள்ள தயாரிப்பாளர்கள் சிறுவர் திரவ மருந்துகளை ஒரே செறிவுக்கு, 5 மி.லீ.யில் 160 மி.கி.க்குக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். இன்னொன்று: அங்கே பரசிட்டமோலுக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர், டைலனோல் என்ற பெட்டியில் வரும். அம்மா டைலனோல் கொடுத்துவிட்டுப் படுக்க, அம்மம்மா காய்ச்சல் குறையவில்லையென்று பனடோல் கொடுக்கிறார். இருவரும் கொடுத்தது ஒரே மருந்து. பெட்டியில் பெரிதாக இருக்கும் வியாபாரப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள்.

மூன்றாம் படி: கணக்கு

12 கிலோப் பிள்ளை. கிலோவுக்கு 15 மி.கி. போத்தல் 5 மி.லீ.யில் 120 மி.கி. இதை இரண்டு கட்டமாகச் செய்வோம்.

முதலில் மருந்து எவ்வளவு வேண்டும்: 12 × 15 = 180 மி.கி.

அடுத்து, 1 மி.லீ.யில் எவ்வளவு மருந்து இருக்கிறது: 120 ÷ 5 = 24 மி.கி. வேண்டியதை இதால் பிரியுங்கள்: 180 ÷ 24 = 7.5 மி.லீ.

அதே பிள்ளை, 5 மி.லீ.யில் 250 மி.கி. உள்ள போத்தல் என்றால் 1 மி.லீ.யில் 50 மி.கி. ஆக 180 ÷ 50 = 3.6 மி.லீ. 1 மி.லீ.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.8 மி.லீ. மூன்று போத்தல், மூன்று அளவு, மருந்து எல்லாவற்றிலும் 180 மி.கி.தான். போன முறை 7.5 கொடுத்தோமே என்று அதே 7.5ஐச் சொட்டு மருந்தில் கொடுத்தால் 750 மி.கி. உள்ளே போகும், கிலோவுக்கு 62.5. ஒரு முழு நாளில் கொடுக்கக்கூடிய உச்ச அளவை ஒரே விழுங்கலில் தாண்டிவிடும். இதற்காகத்தான் தொண்டை வற்றச் சொல்கிறேன், ஒரு போத்தலின் மி.லீ.யை இன்னொரு போத்தலுக்குக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோகக்கூடியது மி.கி. மட்டும்தான்.

கணக்கைத் தொடங்கும் முன் மனதில் ஒரு மதிப்பீடு வையுங்கள். 120 மி.கி. ஒரு 5 மி.லீ. என்றால், 180 அதைவிடக் கூட, இரண்டு மடங்குக்குக் குறைவு. ஆகவே விடை 5க்கும் 10க்கும் இடையில் வரவேண்டும். கல்குலேட்டர் 75 என்றோ 0.75 என்றோ காட்டினால் கை அந்த இடத்திலேயே நின்றுவிடும். பத்து மடங்குப் பிழைகள் பெரும்பாலும் புள்ளியில் நடக்கின்றன. எழுதும்போது அரை என்பதை 0.5 என்று முன்னால் பூச்சியத்தோடு எழுதுங்கள். வெறும் புள்ளி 5 என்றால் புள்ளி மறைந்து 5 ஆகிவிடும். ஐந்து என்பதை 5 என்றே எழுதுங்கள், 5.0 என்றால் அது 50 ஆகலாம். இடையில் வரும் விடைகளை முழுமைப்படுத்தாதீர்கள். கடைசி விடையை மட்டும் சிரிஞ்சில் அளக்கக்கூடிய அருகிலுள்ள கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தால் கீழ்ப்பக்கமாக.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு எல்லை உண்டு. கிலோக் கணக்கு வளர்ந்தவரின் அளவைத் தாண்டக்கூடாது. பரசிட்டமோல் என்றால் வளர்ந்தவருக்கு ஒரு வேளைக்கு 500 மி.கி. குளிசை ஒன்று அல்லது இரண்டு, 24 மணித்தியாலத்தில் 4 கிராமுக்கு மேல் இல்லை, அதாவது எட்டுக் குளிசை. உடல் மெலிந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், தினமும் மது அருந்துபவர்கள் அந்த எட்டு வரை போகவே கூடாது.

ஒரு வேளைக்கா, ஒரு நாளைக்கா?

அன்ரிபயோட்டிக் கணக்கில் சறுக்கும் இடம் இது. அமொக்சிசிலின் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மி.கி., மூன்றாகப் பிரித்து என்று டொக்டர் எழுதியிருக்கிறார். பிள்ளை 15 கிலோ. 15 × 40 = 600 மி.கி. இது முழு நாளுக்கானது. மூன்றாகப் பிரித்தால் ஒரு வேளைக்கு 200 மி.கி. போத்தல் 5 மி.லீ.யில் 125 மி.கி., ஆக 1 மி.லீ.யில் 25. 200 ÷ 25 = 8 மி.லீ. மூன்று வேளை. "மூன்றாகப் பிரித்து" என்பதை விட்டுவிட்டால் பிள்ளைக்கு மூன்று மடங்கு போகும்.

கணக்கோடு கணக்காக, போத்தல் போதுமா என்றும் பாருங்கள். 8 மி.லீ. மூன்று வேளை ஐந்து நாள் என்றால் 120 மி.லீ. கையில் இருப்பது 100 மி.லீ. போத்தல். நாலாம் நாளே மருந்து முடிந்து, பிள்ளைக்கும் கொஞ்சம் சுகமாகி, மிச்சத்தை வாங்காமல் விடுவது நடக்கிறது. முதல் நாளே இரண்டு போத்தல் கேளுங்கள்.

இந்த மருந்துகள் பவுடராக வரும். கொதித்தாறிய நீரை அரைவாசி ஊற்றி நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கியதும் அடையாளக் கோடு வரை ஊற்ற வேண்டும். தண்ணீர் குறைந்தால் மருந்து கடுமை, கூடினால் லேசு, நீங்கள் போட்ட கணக்கு முழுதும் வீண். பாமசியிலேயே கலந்து தரச் சொல்லுங்கள், அதைக் கேட்பதில் ஒரு கூச்சமும் வேண்டாம். கலந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள், பலவற்றை ஏழு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் முதல் நாளில் வெறும் தண்ணியும் கடைசி நாளில் அடியில் தங்கிய மருந்தும் போகும்.

அளக்கும் கருவி

கரண்டியை அடுப்படிக்கே விட்டுவிடுங்கள். மருந்தில் தேக்கரண்டி என்றால் 5 மி.லீ., மேசைக்கரண்டி என்றால் 15 மி.லீ. உங்கள் வீட்டுக் கரண்டிக்கு அது தெரியாது. சிரிஞ்சால் தண்ணீர் எடுத்து உங்கள் கரண்டியில் விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்று தேக்கரண்டிகளில் பார்த்தேன், மூன்றும் மூன்று அளவு.

பாமசியில் ஊசியில்லாத சிரிஞ்ச் கேளுங்கள், பெரிய விலை இல்லை. 5 மி.லீ.க்குக் கீழே என்றால் 5 மி.லீ. சிரிஞ்ச், 1 மி.லீ.க்குக் கீழே என்றால் 1 மி.லீ. சிரிஞ்ச். 1.8 மி.லீ.யை 10 மி.லீ. கோப்பையில் அளக்கவே முடியாது. சிரிஞ்சில் கறுப்பு ரப்பரின் முன்பக்க விளிம்பு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு; பின் விளிம்பு இல்லை. காற்றுக் குமிழி இருந்தால் நிமிர்த்திப் பிடித்துத் தட்டி வெளியேற்றிவிட்டு மறுபடி அளவுங்கள். கோப்பை என்றால் மேசையில் வைத்து, நீங்கள் குனிந்து, கண்மட்டத்தில் பாருங்கள். கையில் தூக்கிப் பார்த்தால் சரிவாக நிற்கும். சிரிஞ்சின் முனையில் சின்ன மூடி இருந்தால் அதை முதலில் எறிந்துவிடுங்கள், அது பிள்ளையின் தொண்டையில் போய் அடைக்கக்கூடும். மருந்தைக் கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

பாற்போத்தலில் முழுப் பாலோடு மருந்தைக் கலக்காதீர்கள். பிள்ளை பாதியில் நிறுத்தினால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது.

குளிசைகள்

"காலையில ரெண்டு, இரவில ஒண்டு" என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பதும் அந்த "எத்தன மில்லி" போன்றதுதான். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் குளிசை 1, 3, 5 மி.கி. என்று வருகிறது. கிளினிக்கில் இந்த மாதம் 1 மி.கி. தந்து மூன்று போடச் சொல்லியிருப்பார்கள். அடுத்த முறை வெளியில் வாங்கும்போது 3 மி.கி. குளிசை கிடைத்து, அதையும் மூன்று போட்டால் 9 மி.கி. அந்த மருந்தில் மூன்று மடங்கு என்றால் உள்ளே இரத்தம் கசியும். நிறத்தை நம்பாதீர்கள், கம்பனிக்குக் கம்பனி மாறலாம். வேண்டிய மி.கி.யைக் குளிசையின் மி.கி.யால் பிரித்தால் எண்ணிக்கை வரும். பிரெட்னிசொலோன் 30 மி.கி., குளிசை 5 மி.கி. என்றால் ஆறு. ஒரு வேளைக்கு இரண்டு மூன்றுக்கு மேல் விடை வந்தால் நிறுத்தி மறுபடி பாருங்கள். இந்த ஆறு சரிதான், ஆனாலும் கேட்டு உறுதிப்படுத்த வேண்டிய ஆறு.

தைரொயிட் குளிசை மைக்ரோகிராமில் வரும். 1 மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம். டொக்டரின் துண்டில் 0.05 மி.கி. என்றும் பட்டையில் 50 மைக்ரோகிராம் என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம். 

மெதொட்ரெக்ஸேற் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூட்டுவாதத்துக்கு இது கிழமையில் ஒரு நாள் மட்டும். மற்றக் குளிசைகளோடு சேர்த்துத் தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் உலகெங்கும் உண்டு. எங்கள் கடையில் உறையின் மேல் "வெள்ளிக்கிழமை மட்டும்" என்று நாளைப் பெரிதாக எழுதித்தான் கொடுப்பேன்.

நடுவில் கோடு உள்ள குளிசையைத்தான் பொதுவாக உடைக்கலாம். மெதுவாக மருந்தை விடும் வகைக் குளிசைகளை உடைத்தால், நாள் முழுவதும் சிறுகச் சிறுக வெளியாக வேண்டியது ஒரேயடியாக வெளியாகிவிடும்.

துண்டில் டொக்டர் எழுதும் சுருக்கங்களையும் தெரிந்து வையுங்கள். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு தரம், ரி.டி.எஸ். மூன்று தரம், கியூ.டி.எஸ். நாலு தரம், மேனே காலை, நொக்டே இரவு, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும்.

இன்சுலின்

இன்சுலின் யுனிட்டில் அளக்கப்படுகிறது. இலங்கையில் நாம் பாவிக்கும் குப்பிகளில் 1 மி.லீ.யில் 100 யுனிட் இருக்கும். இந்தியாவில் 1 மி.லீ.யில் 40 யுனிட் உள்ள குப்பிகளும் அதற்கான சிரிஞ்சும் தாராளமாகப் புழங்குகின்றன. நம்மூரில் தமிழகத்தில் உறவு இல்லாத குடும்பம் குறைவு. வைத்தியத்துக்குச் சென்னை போய் வருபவர்கள் பையில் அந்தச் சிரிஞ்சும் வருகிறது.

கணக்கைப் பாருங்கள். 20 யுனிட் போட வேண்டும். 40க்கான சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை இழுத்தால் அது அரை மி.லீ. குப்பி 100 யுனிட் வகை. அரை மி.லீ.யில் 50 யுனிட். கோட்டில் 20 என்று இருக்கிறது, உடம்பில் 50 போகிறது. சீனி அடியோடு இறங்கி, தூக்கத்திலேயே நினைவு தப்பலாம். பொதுவாக 40க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கானது செம்மஞ்சள். நிறம் ஒரு துணைதான், குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று வாசித்துப் பாருங்கள். சாதாரண 1 மி.லீ. சிரிஞ்சில் இன்சுலினை அளக்கவே கூடாது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வீடுகளுக்குள்ளேயே இன்சுலின் கெட்டுப்போகும் சூடு. குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள், பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னச் சட்டியில் குப்பியை வைத்து, ஈரத் துணியால் மூடி நிழலில் வையுங்கள். உறைபெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பிரயோசனமில்லை.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு காலத்தில் பகல் மருந்தை விட்டு, நோன்பு திறந்ததும் இரண்டு வேளைக்கானதை ஒன்றாகப் போடும் வழக்கத்தைக் கண்டிருக்கிறேன். சீனி நோய் மருந்தில் அது மிக ஆபத்து. நோன்பு தொடங்க ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் சொன்னால் நேரத்தையும் அளவையும் மாற்றித் தருவார்கள்.

சேலைன் சொட்டு

தாதியர் பயிற்சியில் இருக்கும் என் மருமகளுக்காக இதைச் சேர்க்கிறேன். 500 மி.லீ. சேலைன் 4 மணித்தியாலத்தில் என்றால் மணிக்கு 125 மி.லீ. குழாயின் பெட்டியில் 1 மி.லீ.க்கு 20 சொட்டு என்று இருந்தால் 125 × 20 ÷ 60, அதாவது நிமிடத்துக்கு சுமார் 42 சொட்டு. சுருக்கமாக மணிக்கான மி.லீ.யை மூன்றால் பிரித்தால் போதும். 1 மி.லீ.க்கு 60 சொட்டு உள்ள நுண்குழாயில் மணிக்கான மி.லீ.யும் நிமிடத்துக்கான சொட்டும் ஒரே எண். வாட்டில் கூட நிற்கும் உறவினர்களுக்கு: குழாயில் சொட்டின் வேகத்தை மாற்றும் அந்தச் சக்கரத்தில் கை வைக்காதீர்கள், மெதுவாக ஓடுகிறதென்று தோன்றினால் மிஸியைக் கூப்பிடுங்கள்.

நேரமும் டெங்குக் காய்ச்சலும்

ஒவ்வொரு வேளையும் சரியான அளவைக் கொடுத்தும், நாள் கணக்கில் கூடிப்போகலாம். பரசிட்டமோல் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளில் நாலு தடவைக்கு மேல் இல்லை. நம் 12 கிலோப் பிள்ளைக்கு முழு நாளின் எல்லை 720 மி.கி.

2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இங்குள்ளவர்கள் மறக்கமாட்டோம். டெங்குக் காய்ச்சல் பரசிட்டமோலுக்கு லேசில் அடங்காது. கொடுத்து இரண்டு மணித்தியாலத்தில் மறுபடி ஏறும். தாய் பயந்து மூன்று மணிக்கொரு தடவை கொடுப்பார். அப்படிக் கூடிப்போன மருந்து, டெங்குவால் ஏற்கெனவே வாடியிருக்கும் ஈரலையே தாக்கும். காய்ச்சல் முற்றாக இறங்க வேண்டும் என்று இல்லை. இளஞ்சூட்டு நீரில் உடம்பைத் துடைத்துவிடுங்கள், நீராகாரம் கொடுங்கள், ஆறு மணித்தியாலம் வரை பொறுங்கள். ஐபுபுரோஃபன், டைக்லோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், அஸ்பிரின் எதையும் கொடுக்காதீர்கள், இரத்தக்கசிவைத் தூண்டும். பின்பக்கம் வைக்கும் காய்ச்சல் மருந்திலும் டைக்லோஃபெனாக் இருக்கக்கூடும், பரசிட்டமோலும் இருக்கக்கூடும். பரசிட்டமோல் என்றால் அதுவும் நாலு தடவைக் கணக்கில் சேரும். தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிட்டமோல் ஒளிந்திருக்கிறது.

வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனிக் கரைசலான ஜீவனியைக் கலக்கும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். பைக்கட்டில் 1 லீற்றர் என்று இருந்தால் முழுப் பைக்கட்டை முழு 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் கலக்க வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீரில் கொஞ்சம் தூவினால் உப்பு கூடிவிடும், குழந்தைக்கு அது கெடுதி. 24 மணித்தியாலத்தில் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

சுவர் நாட்காட்டியின் தாளில் எழுதுங்கள்: எத்தனை மணி, என்ன மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மி.லீ., கொடுத்தது யார். அம்மா, அம்மம்மா, சித்தி என்று மூவர் பார்க்கும் வீட்டில் அந்தத் தாள்தான் இரட்டை மருந்தைத் தடுக்கிறது. முடிந்தால் கணக்கை இன்னொருவர் தனியாகப் போட்டுப் பார்க்கட்டும். உங்கள் விடையை முதலில் சொல்லாதீர்கள். சொன்னால் அவரும் அதையே கண்டுபிடிப்பார். தனியாக இருந்தால் போத்தலை உரத்து வாசியுங்கள்.

பிழை நடந்துவிட்டால்

பரசிட்டமோல் கூடிப்போன பிள்ளை முதல் நாள் சிரித்து விளையாடும். ஈரல் பாதிப்பு இரண்டு மூன்று நாளில்தான் வெளியே தெரியும். மாற்று மருந்து இருக்கிறது, அசிட்டைல்சிஸ்டைன். எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் அது மிக நன்றாக வேலை செய்யும். பார்ப்போம் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் அதிலிருந்து கழிகிறது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணி கொடுக்காதீர்கள். அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள், இல்லாவிட்டால் கிடைக்கும் முச்சக்கரவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்சுலின் கூடிப்போய், ஆள் நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால், புறப்படும் முன் சீனித் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

போகும்போது போத்தலையும், கொடுத்த சிரிஞ்சையும், நாட்காட்டித் தாளையும் கொண்டுபோங்கள். திட்டுவார்கள் என்று பயந்து அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். டொக்டரும் அங்கே நிறையையும் மில்லிகிராமையும் வைத்துத்தான் கணக்குப் போடப்போகிறார்.